கரையில் ஓர் ஆள் வேண்டும்

1

இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. எழுதாதே என்று ஒருவர் கேட்டார். அவர் என் வீட்டுக்காரர். "பாவம் அந்த மனுஷன், அவர் வீட்டு விஷயத்தை நீ ஏன் அச்சுல ஏத்தறே?" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் பாதி முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

கதை எங்கே கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படகில் கிடைத்தது. எங்கள் துறைமுக ஊருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் ஒரு வளைகுடா. ரயில் நிலையம், பெரிய ஆஸ்பத்திரி, நான் வேலை பார்க்கும் அச்சகம் எல்லாம் எதிர்க்கரையில். சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் பாதி நாள் போய்விடும். படகில் ஏறினால், பக்கத்தில் இருப்பவரின் செய்தித்தாளை எட்டிப் பார்த்துப் படித்து முடிப்பதற்குள் இறங்கிவிடலாம்.

அச்சகத்தில் நான் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் வாக்கியத்தில் குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது வீட்டுக்காரரின் புகார்.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"காலைக் கடல் நீலப் பட்டு விரித்தாற்போல்—"

(நிறுத்திவிட்டேன். எங்கள் துறைமுகத்தில் கடல் நீலமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. படகுத்துறைப் பக்கம் டீசல் படிந்து, கழுவாத சட்டியின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். நீலமெல்லாம் விடுமுறை நாளில் கலங்கரை விளக்கைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரொட்டியில் அச்சடித்தது. அந்தச் சுவரொட்டிக்குப் பிழை திருத்தியவள் நான்.)

இரண்டாவது தொடக்கம்:

"கணவனை விட்டுப் பிரிவதென்று அவள் முடிவு செய்த அன்று படகில் நல்ல கூட்ட—"

(இதுவும் பொய். அவள் அப்படி எதுவும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய முடியாமல் போனதுதான் அவளுடைய கஷ்டமே.)

மூன்றாவது:

"டிக்கெட் அக்கா வாக்கி-டாக்கியைக் கவுண்டரில் வைக்க மறந்துவிட்டாள்."

இது பரவாயில்லை. உண்மையும்கூட. ஆனால் டிக்கெட் அக்கா யார், அவளுக்கு எதற்கு வாக்கி-டாக்கி என்று உடனே கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

டிக்கெட் அக்கா எங்கள் படகுத்துறைக் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பவள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நான் உட்பட.* படகை ஓட்டும் கேப்டன் அவளுடைய புருஷன். படகைக் கட்டி அவிழ்ப்பவன் அவளுடைய உடன்பிறந்த தம்பி. அவனுக்கு ஊர் வைத்த பெயர் 'கயிறு'. ஆக, படகு நிறுவனம் பெயருக்குத்தான் நிறுவனம். காலைப் படகைப் பொறுத்தவரை அது ஒரு குடும்பம்.

*நேரில் பேசும்போது 'நீங்க', 'வாங்க'தான். கதைக்குள் 'அவள்' என்று எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் யார் அக்கா, யார் கேப்டன் என்று நீங்கள் குழம்புவீர்கள். அக்கா இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

3

இனி ஒரு விதிமுறையைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் கதையே கிடையாது.

கேப்டனின் அறை படகின் மேல்தட்டில், முன்பக்கமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும், துறையின் படிக்கட்டு தெரியாது. அதனால் ஒவ்வொரு முறையும் கவுண்டரை மூடியதும் அக்கா படிக்கட்டின் தலைப்பில் வந்து நிற்பாள். எல்லோரும் ஏறிவிட்டார்களா, படிக்கும் படகுக்கும் நடுவே யாராவது காலை வைத்திருக்கிறார்களா, தூரத்தில் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்களா என்று பார்ப்பாள். பிறகு வாக்கி-டாக்கியில் "போகலாம்" என்பாள். கேப்டன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்: "போகலாம்." சரியாகக் காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதைக் கேட்டபின் கயிறு, படகில் நின்றபடியே கயிற்றை அவிழ்த்து இழுத்துக்கொள்வான்.

கரையிலிருந்து சொல் வராமல் கேப்டன் படகை நகர்த்த மாட்டார். ஒருமுறை நிறுவனத்தின் மேலாளரே படகுக்குள் உட்கார்ந்து "எடுப்பா" என்று சொல்லியும் எடுக்கவில்லையாம்.

இந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கம் கேப்டனுக்கு வேலையோடு நிற்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான் என்பாள் அக்கா. "சோறு வைக்கட்டுமா?"ன்னா "வைக்கட்டுமாங்கறே." "குழாய் ஒழுகுது"ன்னா "குழாய் ஒழுகுதா." சொன்னது காதில் விழுந்துவிட்டது என்று தெரியும். அதற்கு மேல் அந்த மனுஷன் என்ன நினைக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. தமிழில் இந்த ஆட்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: கல்லுளிமங்கன். நல்லவேளையாக யாரோ கண்டுபிடித்து வைத்தார்கள், இல்லாவிட்டால் நான் ஒரு பத்தி முழுக்க வர்ணிக்க வேண்டியிருக்கும்.

4

அக்காவின் விஷயம் எனக்கு ஒரே மூச்சில் தெரியவில்லை. கவுண்டர் ஜன்னலில், எனக்குப் பின்னால் வரிசை நிற்கும்போது, டிக்கெட்டோடு சேர்த்துத் தவணை முறையில் வந்தது.

ஒரு காலை: "பரீட்சை எழுதியிருந்தேன்ல, பாஸாம். பெரிய துறைமுகத்துல வேலை. கப்பல் போற வர்ற வழி சொல்ற ரூம்ல."

"அட! ரயில்ல ஒரு நாள் ஆகுமே அங்க போக?"

"ஆகும்" என்றாள். பின்னால் இருந்தவர் சில்லறையை நீட்டினார். அன்றைய தவணை அவ்வளவுதான்.

இன்னொரு காலை: "இங்க ஒரே படகுக்குப் போகலாம் போகலாம்னு எத்தனை வருஷம் சொல்றது? அங்க எத்தனை கப்பல் தெரியுமா!" அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பளபளப்பு இருந்தது. அந்தப் பளபளப்பை எழுத மூன்று தடவை முயன்றேன். மூன்றும் சுவரொட்டி மாதிரியே வந்தன. அவளுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை, கேட்காமலே சொன்னாள்: "அவர் எதுவும் சொல்ல மாட்டேங்கறார்."

"போக வேண்டாங்கறாரா?"

"அப்படிச் சொன்னாத்தான் சண்டை போடலாமே. போன்னும் சொல்லல, போகாதேன்னும் சொல்லல. நான் போறேன்னு சொன்னா, போறேங்கறேன்னு திருப்பிச் சொல்றார். நான் வேலைக்குப் போறேனா, இவரை விட்டுட்டுப் போறேனா? அதை நான் ஒருத்தியே எப்படி முடிவு பண்றது, சொல்லுங்க?"

எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "போகலாம்மா, நல்ல வேலை, போயிட்டு வா" என்றார். "உங்களைக் கேக்கல ஐயா" என்று அவருக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

இந்தக் கேள்விதான் கதை. அவள் போவாளா மாட்டாளா என்பதல்ல. அவள் போவாள். வேலையில் சேரும் நாள் குறித்தாயிற்று. ஆனால் அந்த ரயிலில் ஏறுகிறவள் அவர் மனைவியாக ஏறுகிறாளா, பழைய மனைவியாக ஏறுகிறாளா என்பது, கேப்டன் வாயைத் திறந்து தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்வதில் இருந்தது.

5

அக்கா கிளம்புவதற்கு முன்பே, இந்த இடத்துக்காக, அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடப்பதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். அக்கா பெட்டியை அடுக்குகிறாள். கேப்டன் வாசற்படியில் நின்று பார்க்கிறார். அவள், "அந்தச் சிவப்புத் துண்டு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்கிறாள். அவர்—

அவர் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர்கள் சமையலறைக்குப் போனதே இல்லை. சிவப்புத் துண்டு எங்கள் வீட்டுத் துண்டு. காட்சியை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அப்போதுதான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கேப்டனை நீ வில்லனாக்கறே" என்றார்.

"அவர் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா? பொண்டாட்டி மாசக்கணக்கா கேக்கறா."

"சொல்லத் தெரியாதவன் கெட்டவனா?"

"சொல்லத் தெரியாதவர்கிட்ட யாராவது எப்படிக் குடித்தனம் நடத்தறது?"

அவர் என் மேசையிலிருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொஞ்சம் உறைத்தது. கேப்டனைப் பற்றி எழுதியிருந்த இரண்டு கடுமையான வாக்கியங்களை அடித்தேன். (ஒன்றில் 'ஊமை ஊரைக் கெடுக்கும்' என்ற பழமொழி இருந்தது. இப்போது அடைப்புக்குள் மட்டும் இருக்கிறது.)

6

இனி, அக்கா கிளம்பிய அந்தக் காலை.

நடந்த தவறு இது. யாருடைய தவறு என்று கேட்டால் எல்லோருடையதும்தான். அக்காவுக்குப் பதிலாக வரும் புது ஆள் மதியப் படகிலிருந்து வேலைக்கு வந்தால் போதும், காலைப் படகை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அலுவலகத்தில் ஏற்பாடு. மதிய ரயிலைப் பிடிக்க அக்கா காலைப் படகிலேயே போயாக வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். காலைப் படகை அனுப்புகிறவள் எப்படிக் காலைப் படகில் ஏறுவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அலுவலகத்துக்குத் தோன்றவில்லை, கேப்டனுக்குத் தோன்றவில்லை, கயிறுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கே தோன்றவில்லை. தினமும் அவளோடு பேசுகிற, பிழை கண்டுபிடிக்கிற எனக்கும்தான்.

அக்கா எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்தாள். கவுண்டர் ஜன்னலை இறக்கினாள். படியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, பெட்டியை இங்க குடு" என்று கயிறு வாங்கி ஓரமாக வைத்தான். பிறகு தன் இடத்தில் போய்க் கயிற்றில் கை வைத்து, 'போகலாம்' வருவதற்காகக் காத்து நின்றான். அவன் அக்காதான் சொல்ல வேண்டும், அவன் அக்கா அவன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டையும் அவன் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. படகு நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். "கையை எடுங்க, கப்பல் கவுந்த மாதிரி. படகுல உக்காந்துட்டு!" என்றாள் அக்கா. அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போது அந்தக் கைப்பைக்குள்ளிருந்து கேப்டனின் குரல் வந்தது.

"கரை. கரை. கேக்குதா?"

அக்கா பையைத் திறந்தாள். வீட்டுச் சாவிக்கும் சீப்புக்கும் நடுவில் வாக்கி-டாக்கி கிடந்தது. பழக்க தோஷம், எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். படகில் இருந்த எல்லோரும் எங்கள் பெஞ்சையே பார்த்தார்கள்.

அவள் பொத்தானை அழுத்தினாள். "கரையில யாரும் இல்ல. நான் படகுல இருக்கேன்."

"கரையில யாரும் இல்ல" என்றார் கேப்டன். "நீ படகுல இருக்கே."

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கயிறு தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "நான் இறங்கிச் சொல்லட்டுமாக்கா?" என்றான்.

"நீ இறங்கிட்டா கயிறை யாருடா பாக்கறது?"

7

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) கேப்டன் மேல்தட்டிலிருந்து இறங்கி ஓடி வந்து அவள் கையைப் பிடிக்கிறார். பயணிகள் கைதட்டுகிறார்கள். (இன்ஜின் ஓடும்போது கேப்டன் தன் இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். பயணிகளும் கைதட்ட மாட்டார்கள், அவர்களுக்கு வேலைக்கு நேரமாகிறது.)

(ஆ) அக்கா தானே கரையில் இறங்கி, அங்கிருந்து "போகலாம்" என்று சொல்லிப் படகை அனுப்பிவிட்டுத் தங்கிவிடுகிறாள். (நன்றாகத்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கு அழுகைகூட வந்தது. பிறகு, அவள் முகத்தில் பார்த்த பளபளப்பு ஞாபகம் வந்து, தாளைக் கிழித்துப் போட்டேன். அவள் ஏன் தங்க வேண்டும்?)

(இ) வீட்டுக்காரரின் யோசனை: கேப்டன், "போகலாம்னு சொல்லாதே, போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்கிறார். (தமிழில் ரயில், பஸ், விமானம் எதில் யார் கிளம்பினாலும் கதை எழுதுகிறவர்கள் இந்த வசனத்தை விட்டதில்லை. படகையாவது விட்டுவைக்கலாம் என்றேன். அவருக்குக் கோபம்.)

நடந்தது இது.

வாக்கி-டாக்கி கொஞ்ச நேரம் கரகரத்தது. பிறகு கேப்டன் பேசினார். யாரும் எதுவும் சொல்லாமல், திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லாமல், அவராகவே பேசினார்.

"நீ போறது எனக்குப் பிடிக்கல."

அக்கா அசையவில்லை.

"போகாதேன்னு ஒரு தடவை சொன்னா நீ நின்னுடுவே. அது எனக்குத் தெரியும். அதான் வாயைத் திறக்கல. போன்னு சொல்லலாம்னு பாத்தேன், வர மாட்டேங்குது. தினமும் வாய் வரைக்கும் வந்துட்டு நின்னுடுது."

படகு முழுக்க அதைக் கேட்டது. எதிர்க்கரைக் கவுண்டரிலும் கேட்டிருக்கும். அங்கேயும் ஒரு கருவி இருக்கிறது. ஆஸ்பத்திரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கயிறு கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எனக்குக் கேப்டன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் போய்விட்டது. இத்தனை நாள் அந்த மனுஷன் அவளைத் தடுத்துவிடாமல் இருப்பதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். இதைக் கவுண்டர் ஜன்னலில் அவளும் கண்டுபிடிக்கவில்லை, வரிசையில் நின்ற நானும் கண்டுபிடிக்கவில்லை.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. இது எல்லோருக்கும் கேட்கிற பேச்சு அல்ல என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்க கொஞ்சம் இறங்கிச் சொல்லிடறீங்களா? கரையில ஒரு ஆள் வேணும்."

"நானா? எனக்கு அச்சகத்துல—"

"ஒரு வார்த்தைதானே. உங்களுக்குத் தெரியாத வார்த்தையா?"

கருவியை என் கையில் வைத்தாள். எழுந்தாள். 'பயணிகள் ஏறக் கூடாது' என்று எழுதியிருக்கும் சின்ன ஏணியில், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏறினாள். கயிறு தடுக்கவில்லை. யார் தடுப்பார்கள்?

8

ஆக, இந்தக் கதையை எழுதுகிறவள் கதை முடிவதற்கு முன்பே படகிலிருந்து இறங்கிவிட்டாள். இப்படி ஒரு அசட்டுக் காரியத்தை வேறு எந்த எழுத்தாளரும் செய்திருக்க மாட்டார். அச்சகத்தில் அன்று அரைநாள் சம்பளமும் போயிற்று.

படியின் தலைப்பில் நின்றேன். அக்கா பார்ப்பது போலவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். யாரும் ஓடி வரவில்லை. பொத்தானை அழுத்தினேன்.

"போகலாம்" என்றேன்.

"போகலாம்" என்றார் கேப்டன்.

கயிறு அவிழ்ந்தது. படகு துறையை விட்டு விலகித் திரும்பியது. மேல்தட்டு அறையின் கண்ணாடியில் வெயில் அடித்ததால் உள்ளே இருப்பவர்கள் தெரியவில்லை. கருவியைக் கவுண்டரில் வைக்கலாம் என்று நாலடி நடந்தேன். அதில் சத்தம் நிற்கவில்லை. கேப்டன் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. இன்ஜின் சத்தம் கேட்டது. நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. பிறகு, என் உள்ளங்கைக்குள்ளிருந்து, அக்காவின் குரல். கவுண்டரில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல்.

"இத பாருங்க. நான் அங்க போய்—"

நான் குமிழைத் திருகி அணைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் அன்று மாலை சொன்னபோது அவர் கையிலிருந்த டம்ளரை அப்படியே கீழே வைத்தார். எழுதாதே என்று சொன்னவர்தான். "ஏன் அணைச்சே? இன்னும் ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருந்தா என்ன? நாளைக்கு அவர்கிட்டயே கேளேன்" என்றார். கேட்கலாம். கேப்டன் தினமும் வருகிறார், போகிறார். கவுண்டரில் புது ஆள் "போகலாம்" என்கிறார், அவரும் "போகலாம்" என்கிறார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. ஆனால் நான் கேட்கப்போவதில்லை. அது அவருக்காகச் சொல்லப்பட்ட வாக்கியம்.

எத்தனையோ பேருடைய அரைகுறை வாக்கியங்களை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். இதை மட்டும் முடிக்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வேண்டுமானால் முடித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் யாராவது இப்படிச் சொல்ல ஆரம்பித்து, நீங்கள் பயந்துகொண்டே கேட்டிருப்பீர்கள். இல்லை, நீங்களே யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும். அவள் விட்ட இடத்தை அப்படியே கீழே வைத்திருக்கிறேன்:

"இத பாருங்க. நான் அங்க போய்